ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு கை சோறு



நம் குழுக்களின் கடன் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மாடு வாங்க, பிள்ளைக்கு பீஸ் கட்ட, நிலத்துக்கு உரம் போட என்று வாங்கிய கடன்களுக்கு நடுவே "மருத்துவச் செலவு" என்று எழுதிய வரிகள் நிறைய இருக்கும். அந்த வரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி வராண்டா இருக்கிறது. அந்த வராண்டாவில் முந்தானையை விரித்துப் படுத்து எழுந்த ஒரு பெண் இருக்கிறாள்.

அப்படி இருந்து வந்த உறுப்பினர்களிடம், "அந்த நாள்ல உங்களுக்கு எது ஆறுதலா இருந்துச்சு?" என்று கேட்டோம். டாக்டர் பேரையோ மருந்து பேரையோ யாரும் முதலில் சொல்லவில்லை. "பக்கத்து பெட்டு ஆயா பிசைஞ்சு குடுத்த ரசஞ்சோறு" என்றார் ஒருவர். "ராத்திரி டீ வாங்கிக் குடுத்துச்சே ஒரு அண்ணன், பேரு கூட தெரியாது" என்றார் இன்னொருவர். "நான் அழுதப்ப ஒண்ணும் பேசாம பக்கத்துல உக்காந்திருந்தாங்களே, அந்த அம்மா" என்றார் மூன்றாமவர்.

சோறும், முன்பின் தெரியாத மனிதர்களும். இந்த இரண்டும் எப்படி ஒரு குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன, இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன, நம் குழுக்கள் என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

நோயாளிக்குக் கட்டில் உண்டு, கூட இருப்பவருக்கு?

செஞ்சி சுற்று வட்டாரத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் செஞ்சி அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். பெரிய வியாதி, பெரிய அடி என்றால் அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருவண்ணாமலைக்கோ, புதுவை ஜிப்மருக்கோ அனுப்புகிறார்கள். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு நோயாளி போய்ச் சேருவது முன்பை விட எளிதாகி விட்டது. 2010-ல் முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு தூரமும் குறைந்தது. ஆனால் கூடப் போகிறவளின் நிலைமை பெரிதாக மாறவில்லை.

பெரிய அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளிக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். பால், ரொட்டி, முட்டை, சோறு என்று வேளைக்கு வரும். பிரசவத்துக்கு வந்த தாய்க்கு இது உரிமையாகவே இருக்கிறது. 2011-ல் மத்திய அரசு கொண்டு வந்த திட்டப்படி, சுகப்பிரசவம் என்றால் 3 நாள், ஆபரேஷன் என்றால் 7 நாள் வரை தாய்க்கு இலவச உணவு தர வேண்டும். வீட்டுக்குத் திரும்பிப் போக வண்டியும் இலவசம். இதெல்லாம் நோயாளிக்கு.

கூட இருக்கும் பெண்ணுக்குக் கட்டில் இல்லை, தட்டு இல்லை, அட்டையில் பேரும் இல்லை. ஆனால் வேலை மட்டும் நிறைய. ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு கட்டடம், ஸ்கேன் எடுக்க இன்னொரு கட்டடம், மருந்து வாங்க ஒரு வரிசை. இரவில் குளுக்கோஸ் பாட்டில் தீருகிறதா என்று கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். "அட்டெண்டர் வெளியே போ" என்று சொன்னால் வெளியே, "அட்டெண்டர் எங்கே" என்று கேட்டால் உள்ளே. இந்த ஓட்டத்தில் முதலில் அவள் விடுவது தன் சாப்பாட்டைத்தான்.

ஏன் விடுகிறாள்? கையில் இருக்கிற காசு மருந்துக்கு வேண்டும் என்று ஒரு கணக்கு. கேன்டீனுக்குப் போன நேரம் டாக்டர் வந்து விடுவாரோ என்று ஒரு பயம். "அவரு அங்க அப்படி கிடக்கறப்போ எனக்கு எப்படித் தொண்டையில எறங்கும்" என்று ஒரு குற்ற உணர்வு. மூன்றும் சேர்ந்து அவளை டீயும் பன்னுமாக ஓட்ட வைக்கிறது.

பசி என்ன செய்யும்?

மூளைக்கு வேண்டிய சக்தி பெரும்பாலும் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையிலிருந்துதான் கிடைக்கிறது. வேளைக்குச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் தலை சுற்றும், கை நடுங்கும், கோபம் வரும், சொன்னது மனதில் நிற்காது. டாக்டர் காலையில் சொன்ன மூன்று விஷயத்தில் இரண்டு மறந்து போகும். காலையில் கொடுக்க வேண்டிய மாத்திரையும் இரவில் கொடுக்க வேண்டிய மாத்திரையும் குழம்பிப் போகும். எந்தத் தாளில் கைநாட்டு வைக்கிறோம் என்று கேட்கக்கூடத் தெம்பிருக்காது.

சுகர், பிரஷர் உள்ள பெண்கள் நம் குழுக்களிலேயே நிறைய பேர் இருக்கிறோம். புருஷனைப் பார்த்துக்கொள்ளப் போய், தன் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு, மூன்றாம் நாள் தானே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. பிறகு ஒரு வீட்டில் இரண்டு நோயாளி, இரண்டு செலவு.

செஞ்சிக்காரர்களுக்கு இதைக் கோட்டைக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். 1690-லிருந்து 1698 வரை, ஏறக்குறைய எட்டு வருஷம், முகலாயப் படை நம் கோட்டையை முற்றுகை போட்டது. உள்ளே மராட்டிய அரசர் ராஜாராம் இருந்தார். அவ்வளவு காலம் ஒரு கோட்டை தாங்குவதற்கு உயரமான மதில் மட்டும் போதாது. ராஜகிரி அடிவாரத்தில் இன்றைக்கும் நிற்கும் நெற்களஞ்சியத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். மலை மேலே சுனைகளும், கீழே குளங்களும் இருந்தன. உள்ளே இருப்பவர்களுக்குச் சோறும் தண்ணியும் இருந்தால்தான் மதிலுக்கு மதிப்பு. ஆஸ்பத்திரி வாசமும் ஒரு முற்றுகைதான். காவலுக்கு நிற்பவள் பட்டினி கிடந்தால் காவல் நிற்காது.

ஆகவே, கூட இருப்பவர் சாப்பிடுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதி. இதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

தெரியாதவரிடம் ஏன் ஆறுதல் கிடைக்கிறது?

சொந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். ஆப்பிள் வாங்கி வருகிறார்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வருகிறார்கள். கூடவே கேள்விகளும் வாங்கி வருகிறார்கள். "எப்படி ஆச்சு? முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா? எவ்ளோ செலவாகுது? கடன் யார்கிட்ட வாங்கின?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். சொன்னது ஊருக்குள் எந்த வடிவத்தில் திரும்பும் என்ற பயம் வேறு.

பக்கத்துக் கட்டில்காரரிடம் இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு நம் ஊர் தெரியாது, நம் பங்காளிச் சண்டை தெரியாது. அவர் வீட்டு ஆளும் இதே வார்டில்தான் கிடக்கிறார். அதனால் நம் கஷ்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "ராத்திரி தூங்கினாரா?" என்ற ஒரு கேள்வி போதும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய் இரவு தங்குகிறோமே, பக்கத்தில் பாய் போட்டவரிடம் "எந்த ஊரும்மா?" என்று கேட்டு, கட்டி வந்த புளிச்சோற்றைப் பங்கு போட்டுக்கொள்கிறோமே, அதே உறவுதான் இதுவும்.

இது வெறும் பேச்சில்லை, சோதித்துப் பார்த்த விஷயம். குவாத்தமாலா என்று ஒரு நாடு, அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவமனையில் தலைப்பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்களை வைத்து டாக்டர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். 1980-ல் அது வெளியானது. சில பெண்கள் வழக்கம் போல் தனியாக இருந்தார்கள். சிலருக்கு, முன்பின் பார்த்திராத, மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத ஒரு சாதாரணப் பெண்ணைத் துணைக்கு உட்கார வைத்தார்கள். அவர் செய்தது என்ன? முதுகைத் தடவிக் கொடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டார், பேச்சுக் கொடுத்தார். தனியாக இருந்த பெண்களுக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 19 மணி நேரம் ஆனது. துணை இருந்த பெண்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்தது. சிக்கல்களும் குறைந்தன. பயம் குறைந்தால் உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் என்பது டாக்டர்கள் சொல்லும் காரணம். பிரசவத்தின்போது பெண்ணுக்குப் பிடித்த ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்று இன்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியாத மனுஷி உணவு தருகிறாள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். பால் சுரக்காத தாயின் குழந்தைக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் வேறு தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பாலைச் சுத்தப்படுத்திப் புகட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் பல பெரிய அரசு மருத்துவமனைகளிலும், புதுவை ஜிப்மரிலும் இந்த வங்கி இருக்கிறது. யார் கொடுத்தது, யார் குடித்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

வேலூரில் ஒரு அடுப்பு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நமக்குத் தெரியும். அது உருவான கதைக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், திண்டிவனத்தில் தன் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. ஆண் டாக்டரான அவர் அப்பாவை வீட்டுக்குள் விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்து போனார்கள். அதன் பிறகுதான் அவர் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார்.

இன்று அந்த மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று வெகு தூரத்திலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். இரண்டு நாள் ரயில் பயணம் செய்து வருகிறவர்களுக்கு நம் சாம்பாரும் புளியும் ஒத்துக்கொள்வதில்லை. அதைப் பார்த்து மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களே மாறிப் போயின. லாட்ஜில் அறையோடு சமைக்க அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்கள். கடைப் பலகையில் வங்காள எழுத்து இருக்கிறது. கடுகெண்ணெய் கிடைக்கிறது, ஆற்று மீன் கிடைக்கிறது. காய்கறிக்கார அம்மா வங்காளியில் விலை சொல்கிறார்.

இதில் வியாபாரம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நோயாளிக்குத் தன் ஊர்ச் சோறு ஒரு வாய் கிடைத்தால் முகம் மாறுவதை அந்தத் தெருவில் பார்க்கலாம். நம் ஆளும் அப்படித்தான். நாலு நாள் ரொட்டியும் பாலுமாக இருந்தவருக்கு, டாக்டர் சரி என்றதும் வீட்டு மிளகு ரசமோ, கேழ்வரகுக் கஞ்சியோ கொடுத்துப் பாருங்கள். "இப்பதான்டி உயிர் வந்துச்சு" என்பார்.

சோறு போட்டவர்கள்

பசித்தவருக்குச் சோறு போடுவது நம் பக்கத்து வழக்கம்தான். நம் பக்கத்து மாவட்டமான கடலூரில், வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிகிறது. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் வந்தவர்களுக்கெல்லாம் அங்கே சாப்பாடு உண்டு.

அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது. நம் பகுதிக்குப் பக்கத்தில் புதுவையிலும் 2003-லிருந்து இருக்கிறது. கண்புரைக்கு முகாமில் தேர்வான பெரியவர்களை பஸ்ஸில் அழைத்துப் போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, தங்க வைத்து, திரும்பக் கொண்டு வந்து விடுகிறார்கள். ஏன் சாப்பாடும் பஸ்ஸும்? ஆபரேஷன் இலவசம் என்றால் மட்டும் ஏழை வர மாட்டார் என்று கண்டுகொண்டதால்தான். பஸ் சார்ஜும் சாப்பாட்டுச் செலவும் கூட வருகிறவரின் கூலியும் சேர்ந்துதான் அவரைத் தடுத்து நிறுத்துகிறது.

நாம் பெருமைப்பட வேண்டிய உதாரணம் ஒன்று. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியது. தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குள்ளும் அவை வந்தன. அங்கே சமைத்தது யார் தெரியுமா? நம்மைப் போன்ற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். நம் ஊரிலிருந்து சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வாரக்கணக்கில் தங்கியவர்கள், "அந்த இட்லி இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தெரியாத ஊரில், தெரியாத குழுக்காரி ஒருத்தி விடிகாலையில் எழுந்து மாவு ஊற்றியது நம் வீட்டு ஆளைக் காப்பாற்றியிருக்கிறது.

பக்கத்துக் கட்டில்

நம் உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தைப் பேர் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம். அவருடைய கணவருக்கு டூ வீலரில் அடிபட்டு 17 நாள் ஆஸ்பத்திரி. முதல் இரண்டு நாள் இவர் தண்ணியும் டீயும்தான். மூன்றாம் நாள் மதியம், பக்கத்துக் கட்டிலில் மகனை வைத்திருந்த ஒரு அம்மா தூக்குவாளியைத் திறந்து, மூடியில் சோறு போட்டு நீட்டினார்.

"வாங்கிக்கம்மா. நீ சாப்புடாம இருந்தா எனக்கும் எறங்க மாட்டேங்குது."

அன்றிலிருந்து இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் குளிக்கப் போனால் இன்னொருவர் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வார். ஒருவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தால் இரண்டு பேருக்கும்.

"அவங்க என்ன ஆளுங்கன்னு எனக்குத் தெரியாது, நான் என்ன ஆளுன்னு அவங்களும் கேக்கல. ஊர்ல இருந்தா ரெண்டு பேருமே கேட்டிருப்போம்" என்றார் நம் உறுப்பினர்.

இந்த வார்த்தையை நாங்கள் அப்படியே இங்கே வைக்கிறோம். ஊரில் தனித் தெரு, தனிக் கிணறு, தனி டம்ளர் என்று வளர்ந்தவர்கள் வார்டில் ஒரே வாளிச் சோற்றைத் தின்கிறோம். ரத்தம் ஏற்றும்போது பாட்டிலில் வகை மட்டும்தான் எழுதியிருக்கிறது. வீடு திரும்பிய பிறகு, நம் குழுக் கூட்டத்தில் யார் வீட்டு டீயை யார் குடிக்காமல் வைக்கிறார்கள் என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்காதீர்கள்.

அன்போடு கொடுத்தாலும் தீங்காகும் உணவு

ஆறுதலுக்குக் கொடுக்கும் உணவு சில நேரம் ஆபத்தாகும். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

- ஆபரேஷனுக்கு முன்: "வெறும் வயிறு" என்று நர்ஸ் சொன்னால் ஒரு வாய் காப்பிகூடக் கூடாது. மயக்க மருந்து கொடுத்த பிறகு வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பாவம் பார்த்து ரகசியமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.
- பக்கவாதம், மயக்கம், தலையில் அடி: இவர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கலாம். படுத்தபடியே பால் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். டாக்டர் சொன்ன பிறகுதான், உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.
- கிட்னி நோயாளி: இளநீர், பழச்சாறு, வாழைப்பழம் எல்லாம் நல்லதுதானே என்று நினைப்போம். கிட்னி வேலை செய்யாதவர் உடம்பில் அவற்றில் உள்ள பொட்டாசியம் உப்பு வெளியேறாமல் தங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கும். கேட்காமல் கொடுக்கக் கூடாது.
- சுகர் நோயாளி: பார்க்க வருகிறவர்கள் தரும் ஹார்லிக்ஸ், பிஸ்கட், குளுக்கோஸ் வேண்டாம். ஆனால் திடீரென்று வியர்த்து, நடுங்கி, மயக்கம் வந்தால் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.
- பிரசவமான தாய்: "பச்சை உடம்பு" என்று தண்ணியைக் குறைப்பதும், காய் கீரையை நிறுத்துவதும் தேவையில்லை. பால் சுரக்கத் தண்ணியும் நல்ல சாப்பாடும் வேண்டும்.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு போகும்போதும் கவனம் வேண்டும். சுடுசோற்றைக் கட்டி மூடி வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் வைத்தால் கிருமி பெருகும். காலையில் கட்டிய சாம்பார் சோறு மதியத்தோடு சரி. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கூடுதலாகத் தாங்கும், ஏனென்றால் புளிப்பில் பல கிருமிகள் சீக்கிரம் பெருகாது. நம் பாட்டிமார் கோயில் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டியதற்குக் காரணம் இதுதான். வார்டுக்குள் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

எல்லோரையும் நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அளவோடு. சோறு பகிரலாம், பேச்சு பகிரலாம், முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பச்சைக் குழந்தையைத் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. நகையைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. "சீக்கிரம் ஸ்கேன் எடுத்துத் தர்றேன், ஐநூறு குடு" என்று வருகிறவர், "இங்க பாத்தா பொழைக்க மாட்டாரு, எனக்குத் தெரிஞ்ச தனியார் ஆஸ்பத்திரி இருக்கு" என்று வருகிறவர், இவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். ஆறுதல் சொல்ல வருகிறவர் எதையும் கேட்க மாட்டார். காசோ கையெழுத்தோ கேட்டால் எழுந்து நர்ஸிடம் போங்கள். சந்தேகம் எதுவானாலும் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

நம் குழு என்ன செய்யலாம்?

1. உறுப்பினர் வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், முதல் மூன்று நாளுக்குள் இரண்டு பேர் போய்ப் பார்க்க வேண்டும். பழம் வாங்குகிற காசுக்கு, கூட இருப்பவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். "எப்படி ஆச்சு?" என்று கேட்பதற்கு முன் "நீ சாப்ட்டியா?" என்று கேளுங்கள்.

2. ஒரு பகலோ ஓர் இரவோ அவருக்குப் பதில் நீங்கள் உட்காருங்கள். அவர் வீட்டுக்கு வந்து குளித்து, பிள்ளைகளைப் பார்த்து, நாலு மணி நேரம் தூங்கட்டும். இதை விடப் பெரிய உதவி கிடையாது.

3. ஊரில் இருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சாப்பாடு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணி, இவற்றை முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. குழுவில் ஒரு "ஆஸ்பத்திரிப் பை" தயாராக இருக்கட்டும். ஒரு பாய், போர்வை, தூக்குவாளி, தட்டு, டம்ளர், பிளாஸ்க், சோப்பு, துண்டு, டார்ச் லைட், ஒரு நோட்டு, பேனா. நோட்டில் டாக்டர் சொன்னதை அன்றன்றைக்கு எழுதி வைக்கலாம். தேவைப்படுகிறவர் எடுத்துப் போய், முடிந்ததும் துவைத்துத் திருப்பித் தரலாம்.

5. ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, இவற்றின் நகல் ஒரு கவரில் வீட்டில் தயாராக இருக்க வேண்டும். போன பிறகு தேடினால் ஒரு நாள் கூலியும் ஒரு வேளைச் சோறும் போகும்.

6. அவசரக் கடனுக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கூடி அன்றே கொடுக்கும்படி முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள். குழுவில் அன்று கிடைக்காத இரண்டாயிரம் ரூபாய்தான், கந்து வட்டிக்காரரிடம் போய் வருஷக்கணக்கில் முடியாத கடனாகிறது. அந்த மாதம் அவர் சந்தா கட்டவில்லை என்று அபராதம் போடுவதையும் நிறுத்தி வையுங்கள்.

7. முண்டியம்பாக்கம், ஜிப்மர், திருவண்ணாமலை என்று போய் வந்த உறுப்பினர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். எந்தக் கட்டடத்தில் சீட்டு, எங்கே குளிக்க இடம், எந்தக் கடையில் மலிவாகச் சாப்பாடு, எந்த நேரம் பார்க்க விடுவார்கள், கடைசி பஸ் எப்போது என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் குழு நோட்டில் ஒட்டி வையுங்கள். புதிதாகப் போகிறவருக்கு அந்தத் தாள் பாதித் துணை.

இன்னொரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் சில நேரம் நம் ஆள் பிழைப்பதில்லை. அப்போதும் பக்கத்துக் கட்டில்காரர்கள்தான் முதலில் கையைப் பிடிக்கிறார்கள். ஊருக்கு வந்த பிறகு காரியம் முடிகிற வரைக்கும் கூட்டம் இருக்கும். பதினாறு கழிந்து பதினேழாம் நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. அந்த நாளில் ஒரு தூக்குவாளியோடு போக வேண்டியது நம் குழுதான். போய், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலும் போதும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்து, கீழே உள்ளவற்றைப் பேசி முடிவெடுங்கள்:

- நம் குழுவில் இப்போது யார் வீட்டு ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்? இந்த வாரம் யார் போகிறோம்?
- ஆஸ்பத்திரிப் பைக்கு யார் யார் என்ன தருகிறோம்? பை யார் வீட்டில் இருக்கும்?
- அவசரக் கடனுக்குத் தீர்மானம் போட்டாயிற்றா?

உங்கள் குழுவின் முடிவைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். உங்களுக்குச் சோறு கொடுத்த பேர் தெரியாத மனிதரைப் பற்றியும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.